ஆணி விழுங்கிய புளியமரம்

மலைகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடிக்காத காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவர் கோட்டை வாசலில் ஒரு புளியமரம். மரம் நிறையப் பேய்கள். நானும் அங்கேதான் இருந்தேன். எங்கே என்று பிறகு சொல்கிறேன், குறுக்கே பேசாதீர்கள்.

அந்தப் பேய்கள் பரம சாது. கிளைக்கொன்றாகத் தொங்கியபடி, போகிற வருகிறவர்களைப் பற்றி வம்பளந்தே பொழுதைக் கழித்தன.

ராஜா தன் பட்டத்து யானையை அந்த மரத்தில் கட்டினார். சங்கிலி அறுத்து அறுத்துப் பட்டை உரிந்தது. மறுநாள் உச்சிவேளையில் பாகனின் தாய் பச்சை மீனைத் தின்றுவிட்டுச் சிரித்தாள். பேயோட்டி கொம்பையா வந்தான். அவள் உச்சிமயிரில் ஒரு கொத்து எடுத்தான், மரத்தில் வைத்து ஆணி அடித்தான், கிழவி தெளிந்தாள்.

தேர் திரும்ப இடம் போதவில்லை என்று சேவகர்கள் வேரை வெட்டினார்கள். தளபதியின் மைத்துனன், கேட்காமலேயே, ஊரில் யார் எப்போது சாவார் என்று சொல்ல ஆரம்பித்தான். கொம்பையா ஒரு கொத்து எடுத்தான், ஆணி அடித்தான், அவன் தெளிந்தான்.

திருவிழாவுக்கு மரத்தடியில் அடுப்பு மூட்டினார்கள். அடிமரம் கருகியது. சமையல்காரர் கொதிக்கிற குழம்பைக் கையால் துழாவினார். கை வேகவில்லை. ஒரு கொத்து, ஓர் ஆணி, அவரும் தெளிந்தார்.

ராஜா கொம்பையாவுக்குப் பரிவட்டம் கட்டினார். மரம் இலை கொட்டியது யார் கண்ணிலும் படவில்லை.

ஒருநாள் உச்சிவேளை. கொம்பையா சாப்பிட உட்கார்ந்தான். கட்டின நாள் முதல் புருஷன் பேரை வாயால் சொல்லாத அவன் மனைவி வெள்ளச்சி, அடுப்படியிலிருந்து, “கொம்பையா” என்று கூப்பிட்டாள்.

அவன் பாதிச் சோற்றில் கை கழுவி எழுந்தான். அவளை மரத்தடிக்குக் கூட்டிப் போனான். மயிரை வைத்தான். ஆணியை வைத்தான். சுத்தியலை ஓங்கினான்.

“அடி,” என்றது அவள் வாயிலிருந்த பேய். “நீ ஓர் ஆணி அடிச்சா ஒருத்தன் உள்ளே போறான். அந்த ஓட்டையில மரம் உளுத்து, ரெண்டு பேர் வெளியே வர்றோம். இந்த ஆணியோட மரம் சாஞ்சிரும். சாயட்டும். உங்க ஊர்லதான் ஆளுங்க நெறைய இருக்காங்களே.”

கொம்பையா அண்ணாந்து பார்த்தான். மொட்டைக் கிளைகளில் அத்தனை பேரும் உட்கார்ந்து, ஊரைக் காட்டிக் காட்டி வீடுகளைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடிக்காமலேயே சுத்தியலைக் கீழே போட்டான். “இவளை விட்டுடு. நான் என்ன செய்யணும்?”

“மரத்தைப் பாரு. அது ஆறுறவரைக்கும் இவகிட்டதான் இருப்பேன். எனக்கும் இங்கே சுகமில்லை, கொம்பையா. மனுஷ உடம்பு ரொம்ப நெருக்கடி.”

பேய் சொன்னபடியே செய்தான். யானையைக் கல்தூணுக்கு மாற்றச் சொன்னான். கிழிந்து தொங்கிய பட்டையைக் கூர்க்கத்தியால் நல்ல பட்டை வரை ஒழுங்காகச் சீவினான். சாணியும் சுண்ணாம்பும் அப்ப வந்தவர்களைத் துரத்தி, காயம் காற்றில் காயட்டும் என்றான். பழைய ஆணிகளைப் பிடுங்கவில்லை. கிளை நிழல் விழும் எல்லை வரை முள்வேலி போட்டான். அதற்குள் வேர் பரந்த மண்ணெல்லாம் நனையத் தண்ணீர் ஊற்றினான்.

தேரை எங்கே திருப்புவது என்று ராஜா முறைத்தார். அரண்மனையில் எத்தனை அறை என்று மரத்து மேலே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்றான் கொம்பையா. அன்று முதல் ராஜா நடந்தே போனார்.

பல மழைகள் வந்து போயின. வெள்ளச்சி அவன் பேரைச் சொல்லிச் சொல்லியே சோறு போட்டாள். மரத்தில் காயத்தின் விளிம்புகள் தடித்து, உதடு மூடுவதுபோல் மெல்ல மெல்ல நெருங்கின. ஆணிகளை ஒவ்வொன்றாக விழுங்கின. பேய்களும் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

ஓர் உச்சிவேளையில், அடுப்படியிலிருந்து, “ஏங்க, சாப்பிட வாங்க” என்று குரல் வந்தது. கொம்பையா வாசலிலேயே உட்கார்ந்து அழுதான்.

எல்லாப் பேயும் உள்ளே போய்விட்டதா என்றால், ஒன்று தவிர. பட்டை மூடும்போது அது வெளியே வம்பளந்துகொண்டிருந்தது. கதை சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? எங்கேயாவது நீங்கள் மரத்தில் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கும்போது பிடரி குளிர்ந்தால், திரும்பிப் பார்க்க வேண்டாம், நான்தான்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: மரத்தைக் காயப்படுத்த ஒரு நொடி போதும், அது ஆறப் பல மழை வேண்டும் என்பதால், காயம் படாமல் காப்பவனே புத்திசாலி.