கோட்டைக்கு வெளியே போன சத்தம்

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று குறுக்கே கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன், மகுடேந்திரன் என்றொரு ராஜா இருந்தான். போர் இல்லை, பஞ்சம் இல்லை, கஜானா நிறைந்திருந்தது. இப்படி எல்லாம் இருக்கிறவனுக்கு இல்லாததைத் தேடுவதுதானே வேலை? ஒருநாள் எழுந்ததும், "என் வீட்டில் அமைதி இல்லை. எனக்கு அமைதி வேண்டும்" என்றான்.

தலைமை அமைச்சர் அருளாகரர் உடனே காரியத்தில் இறங்கினார். அரண்மனைக்குள் இனி யாரும் சத்தம் போடக்கூடாது என்று மூலைக்கு மூலை முரசறைந்து சொன்னார். கிளிக்கூண்டுகள் போயின. யானையின் கழுத்து மணி போனது. தாதிகளின் சிலம்பும் போனது. சமையல்காரர்கள் தாளிக்கிற சட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கோடிக்கு ஓடினார்கள். இதையெல்லாம் கண்காணிக்க அமைதி அதிகாரிகள் என்று சிலரை நியமித்தார். அவர்கள் தாழ்வாரம் தாழ்வாரமாகப் போய், "சத்தம் போடாதே! சத்தம் போடாதே!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள்.

அப்படியும் அமைதி வரவில்லை. அரசி செண்பகவல்லிக்கு நான்கைந்து மாதங்களுக்கு முன் பெண் குழந்தை பிறந்திருந்தது. ராஜா பார்க்கப் போகும்போதெல்லாம் அது வீரிட்டு அழுதது.

"இந்தக் குழந்தை அழாத நேரமே கிடையாதா?" என்று அவன் அலுத்துக்கொண்டான்.

அமைச்சருக்கு அது போதும். அவருக்கு விகடகவி கூத்தையனைக் கண்டால் ஆகாது. அமைச்சர் பேசினால் ராஜா கொட்டாவி விடுவான். கூத்தையன் பேசினால் விலா நோகச் சிரிப்பான். பொறாமைக்கு வேறென்ன காரணம் வேண்டும்?

"மகாராஜா, எது அரண்மனையின் அமைதியைக் கெடுக்கிறதோ, அதைப் பொழுது சாய்வதற்குள் கோட்டைக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும். இந்த நுட்பமான பணிக்குக் கூத்தையரே தகுந்தவர்" என்றார் அமைச்சர்.

குழந்தையை அனுப்பினால் அரசி கூத்தையனைச் சும்மா விடமாட்டாள். அனுப்பாவிட்டால் ராஜா விடமாட்டான். இதுதான் அவர் போட்ட கணக்கு.

ராஜா முத்திரை மோதிரத்தைக் கழற்றி நீட்டினான். "கூத்தையா, எதுவானாலும் சரி, வெளியேற்று. யார் தடுத்தாலும் கேட்காதே. தவறினால் நீ இந்த நாட்டை விட்டே போக வேண்டும்."

கூத்தையன் அந்தப்புரத்துக்குப் போனான். அரசி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எம்பிள்ளையத் தூக்கிட்டுப் போகவா வந்தீர்?"

"சத்தத்தைத் தூக்கிட்டுப் போக வந்தேன், தாயே. அது இன்னும் இங்க வரலை போலிருக்கே?"

உண்மைதான். குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. கூத்தையன் வாசலோரம் உட்கார்ந்து காத்திருந்தான்.

சற்று நேரத்தில் ராஜா வந்தான். ராஜா வருவதென்றால் சும்மாவா? அவன் எந்த வாசலைத் தாண்டினாலும் முன்னால் கட்டியக்காரர்கள் போவார்கள். கொம்பு ஊதி, அவன் பட்டப்பெயர்கள் அத்தனையையும் உரக்கச் சொல்லி, "பராக்! பராக்!" என்று முடிப்பார்கள். பரம்பரை வழக்கம். தண்ணீர் குடிக்கப் போனாலும் உண்டு. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய ராஜாவின் காதில் அது விழுவதே இல்லை. ஆனால் குழந்தையின் காதில் விழுந்தது. தூக்கிவாரிப் போட்டு எழுந்து அலறியது.

"பார்த்தாயா? எப்போதும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு ராஜா திரும்பிப் போனான். கொம்பொலி தேய்ந்ததும் குழந்தை மறுபடியும் தூங்கிவிட்டது.

மாலையில் கூத்தையன் பல்லக்கோடு சபைக்கு வந்தான். "சத்தத்தைப் பிடித்துவிட்டேன், மகாராஜா. இந்தப் பல்லக்கில்தான் வெளியேற்றப் போகிறேன். தாங்கள் ஏறி அமர்ந்தால் புறப்படலாம்."

வேடிக்கை பார்க்கும் ஆசையில் ராஜா ஏறிக்கொண்டான். அமைச்சரும் ஆவலாகக் கூடவே வந்தார். கட்டியக்காரர்கள் முழங்கிக்கொண்டு முன்னால் போக, பல்லக்கு கோட்டைக்கு வெளியே மாந்தோப்பில் போய் இறங்கியது. கூத்தையன் மோதிரத்தைக் காட்ட, காவலர்கள் கோட்டைக் கதவைச் சாத்தினார்கள்.

"சத்தம் எங்கே?" என்றான் ராஜா.

"இதோ, பல்லக்கில் இருக்கிறது. தாங்கள் போகிற இடமெல்லாம் அது போகிறது. எதுவானாலும் வெளியேற்றச் சொன்னீர்கள். வெளியேற்றிவிட்டேன்."

ராஜாவின் முகம் சிவந்தது. கை வாளுக்குப் போனது. "ராஜ நிந்தனை! தலையை வாங்குங்கள்!" என்று அமைச்சர் குதித்தார்.

"வாங்குங்கள், மகாராஜா" என்றான் கூத்தையன். "அதற்கு முன் தங்கள் வீடு எப்படி இருக்கிறதென்று ஒருமுறை பார்த்துவிட வேண்டாமா? கட்டியக்காரர்கள் இங்கேயே இருக்கட்டும்."

ராஜா தனியாக நடந்தான். கோட்டைக் கதவையொட்டிய சின்னத் திட்டிவாசலில் இருந்த காவலன் தலையைத் தூக்காமலே, "யாருய்யா அது, சொல்லாம கொள்ளாம உள்ள போறது?" என்றான். பிறகு முகத்தைப் பார்த்து வெலவெலத்துப் போனான். ராஜா வாயில் விரல் வைத்துக் காட்டிவிட்டு உள்ளே போனான்.

தாதிகள் மெல்லப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் யாரோ முணுமுணுப்பாகப் பாடினார்கள். அரசி தூணில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். தொட்டிலில் குழந்தை விழித்துக்கொண்டு தன் கால் கட்டைவிரலைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ராஜாவைக் கண்டதும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. பெற்ற நாளிலிருந்து தன் மகளின் அழாத முகத்தை அவன் பார்த்ததே இல்லை. இத்தனை நாளை வீணாக்கிவிட்டோமே என்று குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டான். மறுகணம், தன்னையே பல்லக்கிலேற்றி அனுப்பிய கூத்தையனை நினைத்துச் சிரிப்பு பீறிட்டது. அரசி விழித்துவிடுவாளே என்று சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

மறுநாள் சபையில் கூத்தையனுக்கு முத்துமாலை கிடைத்தது. "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றான் ராஜா.

"எனக்குப் போதும், மகாராஜா. கட்டியக்காரர்கள் பரம்பரை உத்தியோகஸ்தர்கள். அவர்கள் பிழைப்பைக் கெடுக்கலாகாது. அமைதிக்காகப் பாடுபட்ட அமைச்சருக்கு அந்த மரியாதையைக் கொடுத்துவிடுங்கள்."

அமைச்சருக்குத் தலைகால் புரியவில்லை. கட்டியக்காரர்களை அன்றே வீட்டுக்கு அழைத்துப் போனார். அதற்கப்புறம் அவர் கொல்லைப்பக்கம் போனாலும் ஊருக்குத் தெரிந்தது. யாரையாவது பற்றிக் கோள் சொல்லக் கிளம்பினால், அவர் போய்ச் சேருமுன்பே கொம்பொலி போய்ச் சேர்ந்தது. அங்கே எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அவர் இருந்த இடத்தை விட்டு அசைவதையே நிறுத்திவிட்டார். அரண்மனைப் பக்கம் வருவதும் நின்றது.

"கூத்தையா, இப்போதுதான் என் வீட்டில் முழு அமைதி" என்று சொல்லி ராஜா வாய்விட்டுச் சிரித்தான். மடியிலிருந்த குழந்தை அதற்கு அழவில்லை.