குறுக்கே நின்ற கருங்கல்

மனிதர்கள் மலைகளுக்குப் பேர் வைப்பதற்கு முந்தி, ஒரு மலையின் வயிற்றில் மணற்பாறை படுத்திருந்தது. ஆறு கொண்டுவந்து போட்ட மணல், பாய்மேல் பாய் விரித்தாற்போல் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிப் பாறையானது. அந்தப் பழம்பெருமை அதற்கு ரொம்ப உண்டு.

பின்னொரு காலம் பூமிக்கு அடியிலிருந்து கொதித்துக்கொண்டு ஒருவன் வந்தான். கேட்கவில்லை, கொள்ளவில்லை, அடுக்குகளைப் பிளந்து ஏறி, நட்டக்குத்தலாக நின்று, ஆறிக் கருங்கல்லானான். அன்று பிடித்த சண்டை யுகயுகமாக ஓயவில்லை. 'வந்தேறி' என்பதைத் தவிர மணற்பாறை அவனை வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. கருங்கல்லும் லேசுப்பட்டவன் இல்லை. பதிலே சொல்ல மாட்டான். அதைவிட எரிச்சல் உண்டா?

ஒருநாள் கல்லுடைக்கும் சென்றாயனும் அவன் மனைவி மாதம்மாளும் உளி சம்மட்டியோடு வந்தார்கள். கருங்கல்லைத் தட்டிப் பார்த்த சென்றாயன், அருமையான கல், அடியில் வெடி வைத்தால் முழுசாகப் பெயர்ந்துவிடும் என்றான். மணற்பாறைக்குத் தலைகால் புரியவில்லை. சனியன் ஒழிந்தது என்று தன் இடுக்குகளில் தங்கியிருந்த தண்ணீரிடம் சொல்லிச் சிரித்தது.

"அப்போ நானும் கிளம்பறேன்" என்றது தண்ணீர்.

"நீ எதுக்கு?"

"உன் உடம்பு முழுக்க ஓட்டை. என்னிக்கோ ஓடிப்போயிருப்பேன். அவன் குறுக்கே நிக்கறதாலதான் உங்கிட்ட தங்கியிருக்கேன்."

தன் சாமர்த்தியத்தால்தான் இத்தனை காலமும் குளிர்ந்து கிடப்பதாக மணற்பாறை நினைத்திருந்தது. தண்ணீர் போனால் காய்ந்து பொடிந்து பழையபடி மணல்தான். கத்திப் பார்த்தது. கல் கத்தினால் மனிதர் காதில் விழுமா? தண்ணீரைக் கண்டாலாவது விட்டுவிடுவார்களோ என்று, கருங்கல்லை ஒட்டி ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் இறுக்கிப் பிடித்திருந்த கீறலைக் கடைசியில் மனசில்லாமல் தளர்த்தியது. கருங்கல்லின் அடியில், வெடிக்குக் குழி போடச் சென்றாயன் உளி வைத்த இடத்திலேயே தண்ணீர் கொப்பளித்தது.

மாதம்மாள் அவன் கையைப் பிடித்தாள். "ஏங்க, உளிய எடுங்க. இது ஊத்துக்கண்ணு. கண்ணுல போயி யாராவது உளி வெப்பாங்களா?"

சென்றாயன் உளியை எடுத்துவிட்டான். ஈரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இருவரும் வயிறு நிறையக் குடித்துவிட்டு வேறு பக்கம் கல் தேடிப் போனார்கள். போன இடமெல்லாம் அவர்கள் சொன்னதில், சனங்கள் குடத்தோடு வர ஆரம்பித்தார்கள். அந்த இடத்துக்குக் கருங்கல் ஊத்து என்று பேரும் வைத்துவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் கருங்கல் முதல்முறையாக வாய் திறந்தான். "தண்ணி உன்னோடது, பேரு எனக்கு வந்துடுச்சு. கோபமா?"

"பேரை நீ வெச்சுக்கடா" என்றது மணற்பாறை. "நகராம மட்டும் நில்லு."