பலகைக்கு அடியில்

கடகடவென்று சத்தம் முதலில் வந்தது, பிறகுதான் கார் வந்தது. கார் ஸ்டீரியோ மாட்டும் கடை வாசலில் கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர் தணிகாசலம் இறங்கினார்.

"நேத்து மாட்டின ஸ்டீரியோ, ஸ்பீக்கர் எல்லாம் டூப்ளிகேட். பாட்டு போட்டாலே கடகடங்குது. மாட்டினவனை வேலையை விட்டு அனுப்புய்யா," என்றார் கடைக்காரரிடம்.

அதை மாட்டிய ஜக்கரியா வயர் சீவுவதை நிறுத்திவிட்டு எழுந்தான். பாட்டைச் சத்தமாக வைத்தான். காரின் முன்னால் போய், அவர் பதவி எழுதிய பலகையை விரலால் அழுத்தினான். கடகடப்பு நின்றது. திருகாணியைக் கழற்றினான். அடியில் இன்னொரு பலகை. போன மாதம் வரை அவர் இருந்த கட்சியுடையது.

"ரெண்டும் மோதிக்குதுங்கய்யா. பழசைக் கழட்டிடவா, இல்ல திரும்பத் தேவைப்படுமா?"

காரில் கூட வந்த தொண்டர்கள் எட்டிப் பார்க்குமுன் தணிகாசலம் குனிந்து மறைத்துக்கொண்டார்.

"நடுவுல ரப்பர் வச்சு முறுக்கிடு தம்பி," என்றார் மெதுவாக. கடைக்காரரிடம், "நல்ல வேலைக்காரன், விட்டுடாதய்யா," என்றார்.

ஜக்கரியா முறுக்கிவிட்டு வந்து, பாதியில் விட்ட வயரை மறுபடி சீவ ஆரம்பித்தான்.