புளியங்கொட்டையில் தெரிந்த வருங்காலம்

முன்னொரு காலத்தில் மருதவள நாட்டைச் செண்பகமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் கடைசியாகக் காதில் விழுந்த பேச்சே அவனுக்கு வேதவாக்கு.

கப்பலில் புகையிலை வந்து இறங்கிய காலம் அது. சுங்க அதிகாரி திருமலைக்கொழுந்து எந்நேரமும் அதை வாயில் அடக்கிக்கொண்டே பேசுவார். மந்திரி அழகியநம்பியின் பதவிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். ஒருநாள் சபையில், வருகிற தேர்த்திருவிழாவில் இளவட்டங்களுக்கெல்லாம் புகையிலையை இலவசமாகக் கொடுக்கலாம், ருசி கண்டவன் விடமாட்டான், பிறகு வரி கொட்டோ கொட்டென்று கொட்டும் என்றார். ராஜாவுக்கு வாயெல்லாம் பல்.

வேண்டாம் என்றார் நம்பி. புகையிலை போட்டு வந்த வாய்ப்புண்ணில்தான் அவருடைய தம்பி செத்துப்போயிருந்தார். நாளைக்கு நடப்பதை மந்திரி கண்டாரா என்று கொழுந்து சிரித்தார்.

"கண்டால் எனக்கும் காட்டும். முடியாவிட்டால் பதவியைக் கொழுந்திடம் கொடுத்துவிடும்" என்றான் ராஜா.

நம்பி மூன்று தட்டும் ஒரு கூடை புளியங்கொட்டையும் வரவழைத்தார். கொட்டைகள்தான் நாட்டு ஜனங்கள். முதல் தட்டில் புகையிலை தொடாதவர்கள், நடுத்தட்டில் பழகியவர்கள், மூன்றாவதில் அதனால் செத்தவர்கள். ராஜா ஒருமுறை கை தட்டினால் ஒரு வருஷம் போனதாகக் கணக்கு. வருஷத்துக்கு எத்தனை பேர் சாவார்கள் என்பதை அரண்மனை வைத்தியர் தாம் பார்த்ததை வைத்துச் சொன்னார். எத்தனை பேர் பழகுவார்கள், எத்தனை பேர் விடுவார்கள் என்பதைக் கொழுந்தே சொல்லட்டும், கொட்டைகளையும் அவரே நகர்த்தட்டும் என்றார் நம்பி.

இளவட்டங்களில் பாதிப்பேர் பழகுவார்கள், பழகியவன் ஒருவனும் விடமாட்டான் என்று கொழுந்து பெருமையாகச் சொன்னார். புதிதாகத் தலையெடுக்கும் பிள்ளைகளுக்கும் முதல் தட்டில் கொட்டை போட்டார்கள்.

ராஜா தட்டத் தட்ட, வரி கட்டப்போகிறவர்களின் நடுத்தட்டு குவிந்தது. சபை நம்பியைப் பார்த்துச் சிரித்தது. இன்னும் தட்டச் சொன்னார் நம்பி. நடுத்தட்டு ஓரளவுக்குமேல் ஏறவில்லை. மூன்றாம் தட்டோ நிறைந்து, தரையில் வழிந்தது. கொழுந்தின் கை தானாக நின்றது.

"இவர்களெல்லாம் யார், நம்பி?" என்றான் ராஜா. குரல் இறங்கியிருந்தது.

"இன்றைக்கு இவர்களில் ஒருவரும் சாகவில்லை, மகாராஜா. தேருக்கு வடம் பிடிக்க வரப்போகிறவர்கள்தான்."

ராஜா இறங்கி வந்து, சிந்திய கொட்டைகளை இரண்டு கையாலும் அள்ளி முதல் தட்டில் போட்டான். வேறு விதமாக நகர்த்திப் பார்ப்போம் என்றான். பழகியவர்களுக்குச் சவுக்கடி கொடுத்தால்? ஒளிந்து போடுவார்கள் என்றார் வைத்தியர்; மூன்றாம் தட்டு முன்போலவே நிறைந்தது. இளவட்டங்களுக்கு விற்காமல், வரியை ஏற்றி, விட நினைப்பவர்களுக்கு மருந்தும் துணையும் கொடுத்தால்? இந்தமுறை எவ்வளவு தட்டியும் மூன்றாம் தட்டின் அடி தெரிந்துகொண்டே இருந்தது. அப்போதும் சிலர் சாவார்கள் என்பதை நம்பி மறைக்கவில்லை.

அதையே ராஜா உத்தரவாக்கினான். நம்பிக்கு முத்துமாலை போட்டான். புகையிலையை விட நினைப்பவர்களுக்கென்று திறந்த புதிய வைத்தியசாலைக்குக் கொழுந்தை முதல் நோயாளியாக அனுப்பினான்.

அந்தப் பழக்கத்தை விடுவதற்கு அங்கே அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. வைத்தியரை வாய்விட்டு வைதார். ராஜாவை மனசுக்குள் வைதார். ஐப்பசி மழை பிடித்த ஒருநாள் நம்பியின் வீட்டு வாசலில் நனைந்தபடி வந்து நின்றார்.

"மந்திரியாரே, எங்கள் வீட்டுக் குழம்பில் இத்தனை வருஷமாக உப்பு அதிகம். என் நாக்குக்கு இப்போதுதான் தெரிகிறது" என்றார்.

நம்பி அவரை உள்ளே கூப்பிட்டு இலை போடச் சொன்னார்.