பஞ்சவர்ணத்தின் பலகை

கடலில் உள்ளவையெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கணவாய் மீனுக்கு மிதக்கத் தெரியாது. அலகைத் தவிர உடம்பு முழுவதும் சதைதான். கடலடிப் பாறைத்திட்டான பாரில், கைகளால் பற்றிப் பற்றி ஊர்ந்து திரிந்தது.

அந்தப் பாரில் வரியன் என்ற கணவாயும் அவன் மனைவி பஞ்சவர்ணமும் குடியிருந்தார்கள். பஞ்சவர்ணம் முட்டை சுமந்துகொண்டிருந்தாள். பாரில் இடும் முட்டைகளைக் கிளிமீன்கள் ஒன்று விடாமல் கொத்தித் தின்றுவிடும். கரையோரம், வெயில் எட்டும் ஆழத்தில் கடற்புல் வளர்கிறது, அதில் கட்டிய முட்டை பொரிக்காமல் போகாது என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். இடையில் மணல்வெளி. மணலுக்குள் திருக்கைகள் புதைந்து கிடந்தன. நடந்து போன கணவாய்கள் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை.

"அலையில ஏறிப் போயிரலாம்" என்றாள் பஞ்சவர்ணம். "எனக்கு ஒரு பலகை செஞ்சு தாங்க."

"பலகையா? நானா?"

"பக்கத்து வீட்டுச் சங்கு அண்ணாச்சியா செஞ்சு தருவாரு?"

வரியன் முதலில் ஒரு மரத்துண்டை இழுத்து வந்தான். அது ஊறிப்போய், அவர்களைவிடக் கனமாக இருந்தது. பவளத்தில் ஒரு துண்டை உடைத்துப் பார்த்தான். அது கல்லாகவே நடந்துகொண்டது. கடைசியில் பாரின் உச்சிக்கு ஏறி, அலை மோதும் இடத்தில் நுரையை அள்ளிக் கைகளுக்குள் பொத்திக்கொண்டு இறங்கினான். வீட்டில் கையைத் திறந்ததும், விட்டால் போதும் என்று நுரை மேலே ஓடிவிட்டது.

வரியன் அது போன திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "இதுக்கு ஒரு மூடி போட்டா, மூடியையும் தூக்கிக்கிட்டுத்தானே போகும்?"

மூடிக்குச் சுண்ணாம்பு வேண்டும். சங்கிடம் போனான்.

"வீட்டுக்குள்ளேயே பலகை செய்றியாமே" என்றது சங்கு. "நுரையில பலகை செஞ்சா அதுல யாருவே போவா? உன் நெனப்புதான் போகும்."

"அண்ணாச்சி, உங்க ஓட்டு விளிம்புல கொஞ்சம் சுரண்டிக்கிடட்டுமா?"

"என் வீட்டையா?"

"விளிம்புலதான்."

சங்கு உள்ளே போய்விட்டது. போகும்போது விளிம்பை அவன் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருந்தது.

வரியன் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டு வந்து, அளவெடுக்க மனைவியை மணலில் படுக்கச் சொன்னான். பஞ்சவர்ணம் படுத்தாள்.

"மூச்சை விடு, புள்ள."

"விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவள் விடவில்லை. உடம்பை உள்ளிழுத்து ஒடுக்கி, ஒய்யாரமாகக் கிடந்தாள். வரியனும் பார்க்கத்தான் செய்தான். இருந்த அளவுக்கே கோடு போட்டுக்கொண்டான். மணலில் விழுந்த அச்சில் ஒரு பூச்சு நுரை, மேலே ஒரு பூச்சு சுண்ணாம்பு, மறுபடி நுரை என்று அடுக்கிக்கொண்டே வந்தான். பலகை இறுகி வெளியே வந்தபோது வெள்ளை வெளேரென்று இருந்தது. அவள் மேலே படுத்தாள். இரண்டு பக்கமும் உடம்பு வழிந்தது.

"சின்னதாச் செஞ்சிட்டீங்களே."

"நீ கொடுத்த அளவு."

ஆனால் மிதந்தது. அவள் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, அவன் அதன் வாலைப் பிடித்துக்கொள்ள, பாருக்கு மேலே வந்த அலை இருவரையும் தூக்கிக்கொண்டது. கீழே மணல்வெளி ஓடியது. திருக்கைகளின் கண்கள் மேலே பார்த்தன. பஞ்சவர்ணத்தின் உடம்பில் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி இறங்கின. வரியன் அதைப் பார்த்துக்கொண்டே வந்ததில் பயப்பட மறந்துவிட்டான்.

கடற்புல் கண்ணில் பட்ட இடத்தில் அலை கேட்டது:

"ஏளா, உன் வயித்துக்குக் கீழே இருக்குறது என் நுரையில்ல?"

பஞ்சவர்ணம் பலகையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"கரையில உடைஞ்சுட்டுத் திரும்பி வருவேன். வரும்போது என் நுரை என்கிட்ட வந்திரணும்."

அலை கரைக்குப் போயிற்று. பலகை போனால் புல்லுக்கு இந்தப் பக்கமே மூழ்கிவிடுவார்கள். அடியில் திருக்கைகள் புதைந்த மணல்தான். வரியன் தன்னிடம் இருந்த மை முழுவதையும் கொட்டித் தண்ணீரைக் கறுப்பாக்கினான்.

"இது தெளிஞ்சிரும்" என்றாள் பஞ்சவர்ணம். "என் முதுகுத் தோலைக் கிழிங்க."

"என்ன பேசுற நீ?"

"உள்ள வைங்க. சீக்கிரம்."

அவனுக்கு இருந்த மூன்று இதயங்களும் நின்று துடித்தன. அலகால் ஒரு கீறல் போட்டான். அவள் முனகவில்லை. பலகையை உள்ளே தள்ளினான். ஒடுங்கிய பலகை ஆகையால் இடிக்காமல், பிதுங்காமல் போய் உட்கார்ந்தது. அவன் கீறலின் இரு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

அலை திரும்பி வந்தது. இருட்டுத் தண்ணீருக்குள் துழாவியது. அதன் கை பஞ்சவர்ணத்தின் முதுகில் பட்டு, அங்கேயே நின்றது.

"முதுகு என்ன இப்படி வெறைச்சுக் கெடக்கு?"

"பிள்ளைத்தாச்சி. முதுகு பிடிச்சிக்கிடுச்சு" என்றாள் பஞ்சவர்ணம்.

அலை சிறிது நேரம் கையை எடுக்கவில்லை. அந்த முதுகுக்குள் தன் நுரை மேலே போகத் துடிப்பது அதற்குத் தெரியாமல் இருக்குமா?

"சரி" என்றது அலை. "முட்டையைக் கட்டு. பிள்ளைகளைப் பெறு. எல்லாம் முடிஞ்ச பிறகு வந்து வாங்கிக்கிடுதேன்."

போகிற போக்கில் இருவரையும் கடற்புல்லுக்குள் தள்ளிவிட்டுப் போயிற்று. பஞ்சவர்ணம் கொத்துக் கொத்தாக முட்டைகளைக் கட்டினாள். பொரித்து வந்த ஒவ்வொரு குஞ்சின் முதுகுக்குள்ளும், அதனதன் அளவுக்கு ஒரு வெள்ளைப் பலகை இருந்தது.

அதற்குப் பிறகுதான் கணவாய் தன் பலகையை உடம்புக்குள் வைத்துக்கொண்டு மிதக்கிறது. அது வாழ்ந்து முடித்த பிறகு, அலை அந்தப் பலகையை வாங்கி, யாரையோ படுக்க வைப்பதுபோல, மெதுவாகக் கொண்டுவந்து கரை மணலில் வைத்துவிட்டுப் போகிறது.