அறுபதில் எட்டு

சுப்புராயலு திருப்பூரில் முப்பது வருஷம் ரசாயனச் சாயப் பட்டறையில் வேலை பார்த்தவர். நெஞ்சில் சளி கட்டி ஊர் திரும்பியபின், ஐம்பத்தெட்டு வயதில், அங்கே பட்டறை வைத்திருந்த பொற்செல்வியிடம் அவுரிச் செடியின் நீலச் சாயம் கற்கச் சேர்ந்தார். அவளுக்கு வயது முப்பத்துநாலு. ஆனாலும் வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அந்த ஐப்பசியில் சென்னைக் கடை ஒன்றிலிருந்து அறுபது சேலைக்கு ஆர்டர் வந்தது. ரசாயனப் பொடிச் சாயம் தொட்ட துணியை விற்பதில்லை என்று பேரெடுத்த கடை. ஐம்பத்திரண்டு முடிந்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. குளிரில் சாயத் தாழி புளிக்கவில்லை. மீதி எட்டைத் தொடவேண்டாம், தாழி தானாகப் புளித்து எழும்பட்டும் என்று சொல்லிவிட்டு, பொற்செல்வி அவுரிக் கட்டி வாங்கத் திண்டிவனம் போனாள்.

மறுநாள் கடைக்காரப் பெண் நிவேதனா நேரில் வருவதாக இருந்தது. சுப்புராயலுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாத்தியாரம்மா பேர் கெட்டுவிடக் கூடாதென்று பழைய கூட்டாளியிடம் நீலப் பொடி வாங்கிவந்து, தனி வாளியில் எட்டையும் தோய்த்து, கொட்டகைக்குள் காயவைத்து, மற்றவற்றோடு கலந்து அடுக்கிவிட்டார்.

காலையில் வந்த நிவேதனா சேலைகளைப் பிரித்துப் பார்த்தாள். அப்போதுதான் திண்டிவனத்திலிருந்து திரும்பியிருந்த பொற்செல்வி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த எட்டில் ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, இதைப்போல ஒரு நீலம் பார்த்ததில்லை என்றாள். சுப்புராயலுவுக்கு மனம் நிறைந்தது.

பொற்செல்வி எழுந்தாள். தோளில் கிடந்ததை வாங்கிக்கொண்டாள். அடுக்கிலிருந்து இன்னும் ஏழு சேலைகளை ஒவ்வொன்றாக உருவி, தனியே வைத்தாள்.

"இது அவுரி இல்லைங்க. பொடிச் சாயம். எம் பட்டறையில நடந்தது, பொறுப்பு என்னுது. மீதி ஐம்பத்திரண்டுக்கு நான் உத்தரவாதம். வேணாம்னாலும் சரிதான்."

நிவேதனா மீதி அடுக்கை ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். பிறகு ஐம்பத்திரண்டையும் வண்டியில் ஏற்றச் சொன்னாள். எட்டுக்கு எத்தனை நாளாகும் என்று கேட்டாள். தாழி புளித்தபிறகு சொல்லி அனுப்புகிறேன் என்றாள் பொற்செல்வி.

வண்டி போனது. பொற்செல்வி அவரைத் திட்டவில்லை. அதுதான் சுப்புராயலுவுக்குத் தாங்கவில்லை.

"தப்புதான் வாத்தியாரம்மா. ஆனா முப்பது வருஷம் இதே வேலை செஞ்ச கை இது. அந்தப் பொண்ணுக்கே தெரியல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பொற்செல்வி எட்டுச் சேலைகளையும் மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"எங் கையில ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வந்ததே இல்லண்ணே. இந்த எட்டும் ஒண்ணு மாதிரியே இருந்துச்சு."