பூனைகளுக்குப் பால் நின்ற ஆண்டு

மழை பொய்த்த நாடுகளின் பட்டியல் நீளமானது. அதில் எப்போதோ இடம்பெற்ற வெண்குன்ற நாட்டை அதியரையன் என்றொரு அரசன் ஆண்டான். பிடித்தால் பரிசு, பிடிக்காவிட்டால் தண்டனை. இடையில் ஏதும் கிடையாது.

அரண்மனைக் கணக்குப் பள்ளியில் நாற்பது பேர் படித்தார்கள். ஏட்டை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்வதே தலைமைக் கணக்காயர் திருவெண்காடரின் முறை. முப்பத்தொன்பது பேர் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். நாற்பதாமவன் ஒப்பிலிக்கு நான்கு ஆண்டாகியும் வாய்பாடு ஏறவில்லை. எண்ணைக் கண்டால் அவனுக்கு மூட்டை தெரியும், வண்டி தெரியும். எண் மட்டும் நழுவிவிடும்.

பஞ்சத்தில் வாடிய இருபத்திரண்டு ஊர்களுக்கு நெல் தருவதாக அரசன் வாக்களித்தான். வண்டிகள் வாசலில் நிற்க, அவையில் மாணவர்களிடம் களஞ்சிய ஏட்டைக் கொடுத்து, “இருப்பு எவ்வளவு?” என்றான்.

“மூவாயிரம் கலம்!” முப்பத்தொன்பது குரலும் ஒன்றாக வந்தன.

ஒப்பிலி ஏட்டோரத்தில் ஏதோ கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ?”

“அரசே, பூனைகளுக்கு என்ன ஆயிற்று?”

அவை குலுங்கிச் சிரித்தது.

“உங்கள் ஆட்சியின் ஏழாம் ஆண்டுவரை களஞ்சியப் பூனைகளுக்குப் பால் எழுதியிருக்கிறது. பிறகு இல்லை. ஆனால் எலி தின்ற கழிவு அன்றும் பத்துக் கலம், இன்றும் பத்துக் கலம். பூனை இல்லாத வீட்டிலும் அளவோடு உண்ணும் எலிகளை நான் ஒருமுறை பார்க்க வேண்டும்.”

“அடேய், மந்தா!” என்று சீறினார் திருவெண்காடர். “அரசே, என் ஏட்டைச் சந்தேகிப்பது உங்கள் முத்திரையைச் சந்தேகிப்பது.”

அரசனின் முகம் கறுத்தது. “இவன் கட்டைவிரலை வெட்டுங்கள். இனி எழுத்தாணி பிடிக்கக் கூடாது.”

ஒப்பிலி விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

அமைச்சர் நன்னாகன் மெல்ல எழுந்தார். “விரல் எங்கே ஓடிவிடப் போகிறது, அரசே? முதலில், சரியான விடை சொன்னவர்களுக்கு நாளை விருந்து வைப்போம். அவர்கள் கணக்குச் சொன்ன களஞ்சியத்திலிருந்தே. வெட்டுவதை அதற்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.”

விருந்து என்றதும் அரசன் தலையசைத்தான்.

மறுநாள் இலை போட்டார்கள். முதல் இலையில் கணக்காயர். கைகட்டப்பட்ட ஒப்பிலி ஓரமாக நின்றான். அருகில் அரிவாளோடு காவலன். பரிமாறுபவர்கள் கூடையோடு வந்து ஒவ்வோர் இலையிலும் ஒரு பிடி வைத்தார்கள். உமியும் எலிப் புழுக்கையும்.

“என்ன இது?” அரசன் கத்தினான்.

“மூவாயிரம் கலம், அரசே. உள்ளே இருந்ததைப் பரிமாறச் சொன்னேன்,” என்றார் நன்னாகன். “கணக்காயரே, கடைசியாக எப்போது உள்ளே போனீர்?”

திருவெண்காடர் இலையைப் பார்த்தபடியே சொன்னார்: “கழிவை... முந்தைய ஏட்டைப் பார்த்து எழுதுவதுதான் பள்ளி வழக்கம்.”

“முப்பத்தொன்பது பேரின் விரல்களையும் வெட்டுங்கள்! கணக்காயர் விரலோடு!”

“வேண்டாம், அரசே,” என்றார் நன்னாகன். “ ஒப்பிலி ஏட்டோரத்தில் போட்ட கூட்டலைப் பாருங்கள். எண்பது கலம் பிசகு. இவனுக்குக் கூட்ட வராது. அவர்களுக்குக் கேள்வி கேட்க வராது. ஒரே களஞ்சியத்தில் சேர்த்து உட்கார வையுங்கள்.”

கட்டு அவிழ்ந்தது. அரசன் தன் கழுத்து மாலையைக் கழற்றி ஒப்பிலிக்கு நீட்டினான்.

“இதற்கு அண்டை நாட்டில் எத்தனை கலம் நெல் கிடைக்கும், அரசே?” என்றான் அவன்.

அரசன் கணக்காயரின் பொற்காப்பையும் கழற்றச் சொல்லி, இரண்டையும் சேர்த்து அண்டை நாட்டுக்கு அனுப்பினான்.

நெல் வந்து வண்டிகள் புறப்பட இருபது நாள் ஆயிற்று. அவை திரும்பியபோது ஒப்பிலியும் திருவெண்காடரும் ஒரே பலகையில் உட்கார்ந்து கணக்கெழுதினார்கள். இருபத்தோர் ஊர் முடிந்தது. கடைசி ஊர் கருவேலி.

“கருவேலி, கொடுத்தது இல்லை. மீதி ஆறு மூட்டை,” என்றார் கணக்காயர். கூட்டல் சரியாக இருந்தது.

“ஐயா, ஏன் மீதி? வாங்க அங்கே ஆள் இல்லையா?” என்றான் ஒப்பிலி.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.